நம்ம கடன்

1

அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். என் அப்பா காளியண்ணன்; நாங்கள் அய்யன் என்றுதான் கூப்பிடுவோம். அவருடைய தங்கச்சி பாப்பாயி, எனக்கு அத்தை. அத்தையின் ஒரே மகன் சுப்பிரமணி, பியூசி பாஸ் பண்ணிவிட்டு நின்ற பையன். எங்கள் ஊர் மணியக்காரர். தாலுக்கா ஆபீஸ் கிளார்க் ஒருவர், பேர் தெரியாது. வாசலில் கூடை வைத்து வெற்றிலை விற்ற ஒரு அம்மா. அப்புறம் பாவாடை தாவணியில் நான். எங்கம்மா வரவில்லை. கடலைக்காய் ஆய ஆள் விட்டிருந்ததால் காட்டை விட்டு நகர முடியவில்லை.

அவ்வளவு பேர்தான். வேறு யாராவது நின்றார்களா என்று எத்தனையோ தடவை யோசித்துவிட்டேன். ஒருத்தர் கூடுதலாக இருந்திருந்தால் அவரிடமாவது கேட்கலாமே என்று ஒரு நப்பாசை. மணியக்காரர் செத்துப்போய்விட்டார். கிளார்க் எந்த ஊருக்கு மாற்றலாகிப் போனாரோ. வெற்றிலைக்கார அம்மாவுக்கு எங்களை எதற்கு ஞாபகம் இருக்கப்போகிறது?

எழுபத்து மூன்றாம் வருசம். எங்கள் ஊர் ராசிபுரத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. அத்தைக்கு வீட்டுக்காரர் இல்லை, நிலமும் இல்லை. மகன் மட்டும் நன்றாகப் படித்தான். சேலத்தில் பி.எஸ்சி. சேர இடம் கிடைத்தது, பணத்துக்கு வழியில்லை. அரசாங்கத்தில் கடன் ஸ்காலர்ஷிப் என்று ஒன்று கொடுத்தார்கள். படிக்கும்போது வாங்கிக்கொண்டு வேலைக்குப் போன பிறகு திருப்பிக் கட்ட வேண்டும். அதற்கு நிலம் வைத்திருக்கிற ஒருவர் ஜாமீன் போட வேண்டும். அய்யன் ஒத்துக்கொண்டார். சுப்பிரமணிக்குத்தான் என்னைக் கொடுப்பது என்று நான் பிறந்ததிலிருந்தே பேச்சு. என்னை எட்டாவதோடு நிறுத்தியதும் அதனால்தான். ஒரு குடும்பத்தில் ஒருத்தர் படித்தால் போதும், அந்த ஒருத்தர் சுப்பிரமணி என்று ஆகிவிட்டது.

எங்கள் ஜனத்தில் இரண்டு பக்கமும் வெற்றிலை பாக்கைக் கை மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. அய்யன் ஒரு கணக்குப் போட்டார். தாலுக்கா ஆபீசுக்கு எப்படியும் எல்லாரும் போகிறோம். மணியக்காரரும் வருகிறார். நாளும் நல்ல நாள். "வெத்தலையையும் அங்கயே மாத்திக்கலாம். இதுக்குன்னு தனியா ஒருக்கா பஸ்ஸுக்குக் காசு குடுக்கோணுமா?" என்றார். எங்கம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "கலியாணப் பேச்ச கச்சேரி வாசல்ல வெச்சுப் பேசற மனுசன எங்கயாச்சும் பாத்திருக்கறீங்களா?"

அப்படித்தான் ஆபீஸ் வளாகத்து வேப்பமரத்தடியில் நாங்கள் நின்றோம். என் கையில் வாழைப்பழச் சீப்பு. அத்தை தட்டில் வெற்றிலையை அடுக்கிக்கொண்டிருந்தாள். கிளார்க் காகிதத்தோடு வெளியே வந்தவர் எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"என்ன பெரியவரே, இங்க கலியாணமா, கடனா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே" என்றார் அய்யன். எல்லாரும் சிரித்தோம்.

கிளார்க் அப்புறம் சிரிக்கவில்லை. "நல்லாத் தெரிஞ்சுக்குங்க. பையன் கட்டலேன்னா உங்க தோட்டத்து மேலதான் வரும்" என்றார்.

அத்தையின் முகம் சுண்டிப்போயிற்று. "அண்ணா, இத்தன கடன ஆரண்ணா கட்டறது?"

அய்யன் சுப்பிரமணியைப் பார்த்து, "அது நம்ம கடன், நம்ம பாத்துக்கலாம்" என்றார்.

இல்லை, "அது நம்ம கடனுங்க, நம்ம பாத்துக்கலாமுங்க" என்றார்.

இரண்டில் எதைச் சொன்னார் என்பதில்தான் இன்றைக்கு எங்கள் தோட்டம் நிற்கிறது.

2

எங்கள் பக்கத்துப் பேச்சு தெரியாதவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ஒரு "ங்க"வில் என்ன இருக்கிறது?

எங்கள் பக்கத்தில் மரியாதைப்பட்டவரை நேராக "உங்க" என்று சொல்ல வாய் கூசும். முகத்துக்கு நேரே விரலை நீட்டுவது மாதிரி. பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், "நம்மளுக்கு எந்த ஊருங்க?" என்று கேட்போம். உங்களுக்கு எந்த ஊர் என்று அர்த்தம். "நம்ம பையன் என்ன படிக்கறானுங்க?" என்றால் உங்கள் பையன் என்ன படிக்கிறான். "ங்க" போட்டு "நம்ம" என்றால் அது பெரும்பாலும் எதிராளியுடையது. "ங்க" போடாமல் வீட்டு ஆட்களிடம் "நம்ம" என்றால், அது நம் எல்லாருடையது. சொல்கிறவர் பெரியவராக இருந்தால் அவர் பொறுப்பு.

சுப்பிரமணி அதுவரைக்கும் அய்யனுக்குத் தங்கச்சி மகன். "டேய் மணி, எருமையக் கட்டுடா" என்பார். வெற்றிலை மாற்றிவிட்டால் அந்த நிமிசத்திலிருந்து மாப்பிள்ளை. பதினெட்டு வயசானாலும் "வாங்க மாப்ளை, போங்க மாப்ளை"தான். ஆக, வெற்றிலை மாற்றுவதற்கு முன்னால் சொல்லியிருந்தால், "கடன் நம்ம குடும்பத்துது, நான் இருக்கறேன்டா" என்று ஆகிறது. மாற்றிய பிறகு சொல்லியிருந்தால், "கடன் உங்களுதுங்க மாப்ளை, நீங்கதான் பாத்துக்கோணும்" என்று ஆகிறது.

நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. ஆனால் அந்த நேரத்தில் கிளார்க் சொன்ன "தோட்டத்து மேலதான் வரும்" என்பதிலேயே என் மனசு மாட்டிக்கொண்டது. சின்ன வயசிலிருந்தே நான் வெசனக்காரி. எங்கம்மா சொல்வாள், "இவளுக்கு மழை வந்தாலும் வெசனம், வரலீனாலும் வெசனம்." தோட்டத்தின் மேல் எது வரும், எப்படி வரும், கிணற்று வழியாக வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தவளுக்கு "ங்க" எப்படிக் காதில் நிற்கும்?

3

சுப்பிரமணி, இனி எனக்கு அவர், பி.எஸ்சி., பி.எட். இரண்டையும் அந்தக் கடனிலேயே படித்தார். வாத்தியார் வேலை கிடைத்தது. எங்கள் கல்யாணம் ஆயிற்று. எண்பத்தொன்றில் நைஜீரியாவுக்கு வாத்தியார் எடுக்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்து எழுதிப்போட்டு, இங்கே வந்து சேர்ந்தோம். வடக்குப் பகுதியில் ஒரு சின்ன ஊர். பள்ளிக்கூடத்துக் குவார்ட்டர்ஸ். அவர் கணக்கு வாத்தியார்.

கடனை யாரும் கட்டவில்லை. அவர், மாமன் கட்டுகிறார் என்று இருந்துவிட்டார். அய்யன், மாப்பிள்ளை கட்டுகிறார் என்று இருந்துவிட்டார். ஒருத்தரை ஒருத்தர் கேட்கவும் இல்லை. கேட்டால் மரியாதைக் குறைச்சல். மாப்பிள்ளையிடம் போய் மாமனார் கடன் கட்டினீர்களா என்று கேட்க முடியுமா? மாமனாரிடம் போய் மாப்பிள்ளை கேட்க முடியுமா? நான் கேட்டிருக்கலாம். எல்லாவற்றுக்கும் வெசனப்படுகிறவள் இதற்கு மட்டும் வெசனப்படாமல் போனேன். அது முடிந்துபோன காரியம் என்றே நினைத்திருந்தேன்.

மழை நின்று ஊரெல்லாம் புழுதி பறக்கத் தொடங்கிய சமயத்தில் என் தம்பி செல்வராசின் கடிதம் வந்தது. இங்கே கடிதம் வர ஒன்றரை மாசம் ஆகும். வீட்டுக்கு ஆபீசிலிருந்து ஆட்கள் வந்தார்களாம். ஊருக்குள் தமுக்கு அடித்துச் சொன்னார்களாம், கல்விக் கடன் பாக்கிக்காகக் காளியண்ணன் தோட்டம் ஏலத்துக்கு வருகிறது என்று. அய்யன் அன்றைக்கு முழுக்கக் கிணற்று மேட்டை விட்டு இறங்கவில்லையாம். "அக்கா, மாமாவ ஏதாச்சும் பண்ணச் சொல்லு. ஏலம் கார்த்திகை மொதல்ல" என்று முடித்திருந்தான்.

அவர் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்து வைத்தார்.

"ஏனுங்க, என்ன பண்ணலாமுங்க?"

"நான் என்ன பண்றது? உங்கய்யன் நம்ம கடன்னு சொன்னாரு. ஆம்பள பேச்சு மாறக்கூடாது."

"மாப்ளைக்கு மரியாதையாச் சொன்னதுங்க அது."

"ங்க போடலே. எனக்கு நல்லா ஞாவகம் இருக்குது. அப்ப வெத்தலையே மாத்துல."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இங்க பாரு பழனி. நான் காலேஜிக்குப் போனப்ப ஊர்ல என்ன சொன்னாங்க? மாமன் படிக்க வெக்கறான். வேலைக்குப் போனப்ப என்ன சொன்னாங்க? மாமன் படிக்க வெச்சான். கலியாணத்துல பந்தி வெக்கறப்பக்கூட, தங்கச்சி மவனப் படிக்க வெச்சுப் பொண்ணையும் குடுத்த மவராசன்னு உங்கய்யனத்தான் சொன்னாங்க. எட்டூருக்கு இந்தப் பேரு. இப்பக் கடனையும் நாந்தேன் கட்டோணுமுன்னா, அவரு என்னத்தப் படிக்க வெச்சாரு?"

அவர் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. ஒரு பக்கம்தான் நியாயம் என்றால் சண்டையாவது போடலாம்.

தம்பிக்கு எழுதினேன். அய்யனையும் அத்தையையும் கேள், "ங்க" போட்டாரா இல்லையா என்று. எழுதும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஒன்றரை மாசம் போக, ஒன்றரை மாசம் வர, கடல் தாண்டி ஒரு "ங்க" பிரயாணம் போகிறது.

4

பிள்ளைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கவிதா ஏழு வயசு, செந்தில் ஐந்து. செந்தில் இங்கேயே பிறந்தவன். அவனுக்குக் குச்சிக்கிழங்கு என்றால் தெரியாது. இங்கே அதை ரோகோ என்பார்கள், அவனும் ரோகோ என்பான். சேலத்துப் பக்கம் மாவு ஆலைக்கு வண்டி வண்டியாகப் போகிற அதே மரவள்ளிதான். சந்தையில் அதைக் குவித்து வைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு ஒரு நிமிசம் ஊருக்கு வந்துவிட்ட மாதிரி இருக்கும். பேரைக் கேட்டதும் போய்விடும்.

ஒரு நாள் வெளியே மாமரத்தடியில் பிள்ளைகளுக்குள் சண்டை. நிழலில் யார் உட்காருவது என்று. செந்தில் பக்கத்து வீட்டு வாத்தியாரின் பிள்ளைகளோடு சேர்ந்துகொண்டு "நாமு! நாமு!" என்று கத்துகிறான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரு வார்த்தை தமிழ் பேச வைக்கப் படாதபாடு படுகிறேன், இவன் தானாகவே "நம்ம" என்கிறானே என்று அவரிடம் ஓடிச் சொன்னேன்.

அவர் சிரித்தார். "அது ஹவுசா பேச்சு. எங்களுதுன்னு அர்த்தம். இது எங்க இடம், நீ போன்னு சொல்றான்."

கவிதாவைக் கூப்பிட்டு, தாத்தாவுக்கு, அப்புச்சிக்கு, இரண்டு வரி எழுது என்றேன். தமிழில் "அன்புள்ள அப்புச்சிக்கு" என்பதைப் பார்த்து எழுதினாள். அப்புறம் பேனாவைக் கடித்தாள். "அவருக்கு ரூரல் ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கலியா?" என்றாள். இல்லை கண்ணு என்றேன். "அப்ப நான் எழுதுனா அவருக்குப் புரியாதில்ல" என்று பேனாவை மூடி வைத்துவிட்டு விளையாடப் போனாள். அவளிடம் கோபித்துக்கொள்ள முடியவில்லை. அவள் அப்புச்சியை லீவில் போனபோது மூன்று வயசில் பார்த்தது. அவள் படிப்புக்கு இவ்வளவு செலவாகிறதே, நாளைக்கு இவள் படிப்பைப் பற்றி யார் யாரிடம் என்ன சொல்லி எந்த வார்த்தையில் சிக்கப்போகிறார்களோ என்று அதற்கும் ஒரு வெசனம் வந்து உட்கார்ந்துகொண்டது.

5

பணம் இல்லாமல் இல்லை. அதைச் சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். அவர் சம்பளம் இங்கே பேங்கில் நைராவாகக் கிடக்கிறது. அதை ஊருக்கு அனுப்ப முடியாது. அனுப்ப மத்திய பேங்கின் அனுமதி வேண்டும். முதல் இரண்டு வருசம் சுலபமாக இருந்தது. அப்போது அனுப்பியதில் சேலத்தில் ஒரு மனை வாங்கினோம், அவருடைய சித்தப்பா மகள் கல்யாணத்துக்குச் செய்தோம். அப்புறம் இந்த நாட்டில் எண்ணெய் விலை விழுந்தது, வெளிநாட்டுக் காசுக்குத் தட்டுப்பாடு வந்தது, வாத்தியார்கள் போட்ட விண்ணப்பமெல்லாம் வருசக்கணக்கில் நிற்கிறது. போதாததற்கு நைராவின் மதிப்பும் இறங்கிவிட்டது. முன்னே ஒரு நைராவுக்குக் கிடைத்ததில் இப்போது கால்வாசிதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சோறு இருக்கிற மாதிரி.

அவரும் அனுப்புவதாக இல்லை. அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். எங்கள் குவார்ட்டர்ஸில் ஆத்தூர்க்காரர் ஒருவர் இருந்தார், ராஜமாணிக்கம், பிசிக்ஸ் வாத்தியார். லீவில் ஊருக்குப் போகிறார் என்று தெரிந்தது. என் கழுத்தில் கிடந்த இரட்டை வடச் சங்கிலியைக் கழற்றித் துணியில் முடிந்து கொடுத்தேன். என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. தாலிக்கொடி இருக்கிறது, சங்கிலி இல்லாததை அவர் கவனிக்கவும் மாட்டார்.

"ராஜமாணிக்கம் சார், இத எங்க தம்பி கையில குடுத்துருங்க. வித்துக் கடனக் கட்டச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். "ஏம்மா, சுப்பிரமணி சாருக்குத் தெரியுமா?"

"கடன் எனக்காகப் போட்டதுங்க. வெத்தல மாத்துனதும் எனக்காகத்தான்."

அவர் போன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. விமானம் விழுந்துவிடுமோ. பம்பாயில் சுங்க அதிகாரி பிடுங்கிக்கொள்வாரோ. சேட்டுக் கடையில் மாற்றுக் குறைவு என்று சொல்லிவிடுவானோ. ஏலத்துக்கு முன்னால் போய்ச் சேராதோ. இத்தனைக்கும் பயந்தேன். ஒன்றுக்குத்தான் பயப்படவில்லை, அதுதான் நடந்தது.

6

தம்பியின் பதில் முதலில் வந்தது. ஏலத்தன்றைக்கு ஊரே கூடிவிட்டதாம். ஆபீஸ்காரர் விலை கூப்பிடுகிறார், ஒருத்தர் வாய் திறக்கவில்லை. காளியண்ணன் தோட்டத்தைக் கேட்டுவிட்டு ஊரில் யார் முகத்தில் முழிப்பது? பக்கத்துக் காட்டுக்காரர் ஒருவர் மட்டும், "நாங் கேக்கறனுங்க" என்றாராம். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம். "ஒரு சொம்பு தண்ணி கேட்டனுங்க, தொண்ட வரளுது" என்றாராம். ஆபீஸ்காரருக்குக் கோபம் வந்து தை மாசத்துக்குத் தள்ளிவைத்துவிட்டுப் போய்விட்டார். அடுத்த தடவை வெளியூர் ஆட்களைக் கூட்டி வருவேன் என்று சொல்லியிருக்கிறார். மாவு ஆலைக்காரர் ஒருவருக்குக் கிணறு இருக்கிற இடமாக வேண்டுமாம்.

"ங்க"வைப் பற்றியும் எழுதியிருந்தான். அத்தையைக் கேட்டதற்கு, "வெத்தல பாதி எங் கையில, பாதி அண்ணங் கையில இருக்கறப்பச் சொன்னாங்க சாமி. நா வெத்தலயப் பாத்தனா, அண்ணன் வாயப் பாத்தனா?" என்று அழுதிருக்கிறாள். அய்யன் ஒன்றும் சொல்லவில்லையாம்.

பொங்கலுக்கு முன்னால் ராஜமாணிக்கம் லீவு முடிந்து வந்தார். ஒரு பை கடலைக்காய் கொண்டுவந்தார். அதற்கு மேலே ஒரு துணி முடிச்சு. அவிழ்க்காமலே எனக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்காரர் எதிரிலேயே ராஜமாணிக்கம் கொடுத்துவிட்டார், வேறு வழியில்லை. என் வீட்டுக்காரர் முடிச்சையும் என் கழுத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உங்க மாமனார் வாங்கமாட்டேன்னுட்டாரு சார்" என்றார் ராஜமாணிக்கம். "செல்வராசு வாங்கி வெச்சிருந்தான். பெரியவருக்குத் தெரிஞ்சதும் எங்க வீடு தேடி ஆத்தூருக்கே வந்துட்டாரு. பஸ் மாறி மாறி வந்து, ஒரு வாய் காப்பி குடிக்கல."

"என்னுங்க சொன்னாரு?" என்று நான் கேட்டேன்.

"நா போட்ட நகைய நானே திருப்பி வாங்குனா, பண்ணி வெச்ச கலியாணத்தயே திருப்பி வாங்குன மாதிரின்னாரு." அவர் ஆத்தூர்ப் பேச்சுக்காரர், எங்கள் பேச்சை அப்படியே சொல்ல முயன்றார். "அப்புறம் சாருக்கு ஒண்ணு சொல்லச் சொன்னாரு. மாப்ளை மேல எனக்கு வருத்தமில்லீங்க. அன்னைக்கி ங்க போட்டனோ போடலியோ, கையெழுத்து நாம் போட்டது. கடன் என்னுது. இப்படியே சொல்லச் சொன்னாரு."

நம்ம இல்லை. என்னுது.

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மாமரத்தடியில் நெடுநேரம் நின்றார். பிள்ளைகள் அவரைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். நான் கடலைக்காயை முறத்தில் கொட்டிப் பொறுக்கினேன். அய்யன் தோற்றுக் கொடுத்துவிட்டார் என்று இவர் சந்தோசப்படுவாரோ என்று பயம். சந்தோசப்படாமல் இன்னும் வீம்பு பிடிப்பாரோ என்றும் பயம்.

7

மறுநாள் பள்ளிக்கூடத்துக்குப் போகாமல் அவர் பேங்குக்குப் புறப்பட்டார். என்னையும் வரச் சொன்னார். ஏன் என்று கேட்கவில்லை. சங்கிலியைப் போட்டுக்கொண்டு போனேன்.

ஊருக்குப் பணம் அனுப்பும் விண்ணப்பத்தை வாங்கினார். நீளமான காகிதம், நாலு படி. பெஞ்சில் உட்கார்ந்து எழுதினார். எவ்வளவு, யாருக்கு, எந்தப் பேங்க். நடுவில் ஒரு கட்டத்தில் கை நின்றது. அனுப்புவது எதற்காக, கடன் என்றால் யாருடைய கடன் என்று அதில் கேட்டிருந்தது. கொஞ்ச நேரம் மேலே சுற்றும் ஃபேனைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு வார்த்தை எழுதினார். இங்கிலீஷில் மூன்று எழுத்துதான். எட்டாவது வரைக்கும் படித்த எனக்கே வாசிக்க முடிந்தது. ஓன் என்று எழுதியிருந்தார். சொந்தம்.

"ஏனுங்க" என்றேன்.

"பேசாத இரு" என்றார். "படிச்சவன் நான்தான். வேற எவன் படிச்சான்?"

கவுண்டரில் இருந்த பையன் மரியாதையாகத்தான் பேசினான். காகிதத்தில் ரப்பர் ஸ்டாம்பு குத்தினான். மத்திய பேங்குக்குப் போகும், வரிசையில் நிற்கும் என்றான். எவ்வளவு நாள் என்று கேட்டதற்குக் கையை விரித்தான். போன வருசத்துக்கு முந்தின வருசத்து விண்ணப்பங்களே இன்னும் இருக்கின்றன என்று பின்னால் இருந்த அலமாரியைக் காட்டினான். அலமாரிக் கதவு மூட முடியாமல் காகிதம் பிதுங்கிக்கொண்டிருந்தது. அவர் வேறு வழி ஏதாவது, கடுதாசி எழுதிப்போட்டால், தலைமை ஆசிரியர் சிபாரிசு செய்தால், என்று கேட்டுப்பார்த்தார். அந்தப் பையன் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டான்.

ஊர் ஆபீசுக்கும் எழுதியிருக்கிறார். வாத்தியார் வேலை பார்க்கும் ஒவ்வொரு வருசத்துக்கும் அந்தக் கடனில் ஒரு பங்கு கழித்துக்கொள்வார்களாம். நான் இங்கேயும் வாத்தியார்தானே, இந்த வருசங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டிருக்கிறார். பதில் வர மூன்று மாசம் ஆகும்; நம் நாட்டில் பார்த்த வேலைக்குத்தான் அது பொருந்தும் என்கிறார் ராஜமாணிக்கம். ஊரில் வேலை பார்த்த வருசங்களுக்காவது கழியும், அதற்கும் பழைய பள்ளிக்கூடத்துச் சான்றிதழ் வேண்டும். அதை வாங்க ஆள் நேரில் போக வேண்டும். நேரில் போக லீவு வேண்டும். லீவு அடுத்த வருசம்தான்.

சேலத்து மனையை விற்கலாம் என்றேன். அவர் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. மனை அவர் பேரில், விற்க அவர் கையெழுத்துக்கு அங்கே இருக்க வேண்டும். பவர் எழுதி அனுப்பினால் தூதரகத்தில் சாட்சி, லாகோசுக்குப் போக இரண்டு நாள் பஸ், அதற்கப்புறம் கடிதம் போக ஒன்றரை மாசம். ஆனாலும் காகிதம் வாங்கி எழுதிக்கொண்டிருக்கிறார். பரீட்சைப் பேப்பர்கள் மேசை மேல் திருத்தாமல் கிடக்கின்றன.

இப்போதெல்லாம் வீட்டில் சண்டை இல்லை. அது எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது. சாப்பிடும்போது அவர் திடீரென்று, "மாமா கிணத்துல தண்ணி எவ்வளவு இருக்குமாம்?" என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது என்கிறேன். தோட்டம் ஜப்தியில் இருப்பதால் சொசைட்டியில் விதைக்கடன் கொடுக்கமாட்டேன் என்றார்களாம், அதைத் தம்பி எழுதியிருந்தான், இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் சாப்பாட்டில் கை வைக்கமாட்டார்.

இத்தனை வருசமாக ஆளுக்கொரு பக்கம் தள்ளிவிட்ட கடனை இன்றைக்கு இரண்டு பேருமே என்னுது என்கிறார்கள். அய்யன் அங்கிருந்து சொல்கிறார், இவர் இங்கிருந்து சொல்கிறார். கட்டத்தான் இரண்டு பேராலும் முடியவில்லை. ஏலம் தை கடைசியில். இந்த எழுத்து உங்கள் கைக்கு வரும்போது தை முடிந்திருக்கும்.

அசல் மூவாயிரத்து அறுநூறு. தம்பி எழுதியபடி, தவணை தவறிய வட்டியும் ஜப்திச் செலவும் தமுக்கு அடித்த கூலியும் சேர்த்து, இன்றைய பாக்கி ஐயாயிரத்து எழுநூற்று நாற்பது ரூபாய்.